குற்றச் செய்தியில் மென்சொற்கள்: யாரை மறைக்கிறோம், யாரைக் காக்கிறோம்?

பழைய மெய்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். ஒரு தமிழ் நாளிதழின் தென்மாவட்டப் பதிப்பில் இருபத்தெட்டு ஆண்டுகள், முதலில் மெய்ப்புத் திருத்துநராகவும் பிறகு துணை ஆசிரியராகவும், பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சென்ற வாரம் ஒரு காலையில், பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, "தாத்தா, சில்மிஷம் என்றால் சேட்டையா, குற்றமா?" என்று கேட்டாள். ஓடும் பேருந்தில் பள்ளி மாணவி ஒருத்தியிடம் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் 'சில்மிஷம்' செய்து கைதானார் என்பது செய்தி. குற்றம்தான் என்றேன். "அப்படியானால் தம்பி மாவு டப்பாவைக் கவிழ்த்தபோதும் பாட்டி அதே சொல்லைத்தானே சொன்னார்?" என்றாள். எனக்கு விடை வரவில்லை. அந்தச் சொல்லை எத்தனை நூறு முறை கைபடாமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன் என்பதுதான் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மாணவிக்கு நேர்ந்ததற்குச் சட்டத்தில் தெளிவான பெயர் இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 7ஆம் பிரிவு அதனைப் பாலியல் தாக்குதல் என்கிறது. 8ஆம் பிரிவு அதற்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஐந்தாண்டுச் சிறைக்குரிய ஒரு செயலை, மாவு டப்பாவைக் கவிழ்த்த குழந்தைக்குச் சொல்லும் சொல்லால் நாம் எழுதுகிறோம். இதற்கு நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம் இடம். ஒற்றைப் பத்தித் தலைப்பில் 'சில்மிஷம்' அடங்கும், 'பாலியல் தாக்குதல்' அடங்காது. ஆனால் 'விபத்து நிவாரண நிதி' என்பதற்கும் 'ஆலோசனைக் கூட்டம்' என்பதற்கும் அதே பக்கத்தில் நாங்கள் இடம் கண்டுபிடித்தோம் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

இன்னும் கொடியது, 'ஆசை வார்த்தை கூறி உல்லாசமாக இருந்தார்' என்ற தொடர். பதினான்கு வயதுச் சிறுமியைப் பற்றிய செய்தியிலும் இதே தொடர் வரும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் சம்மதம் சட்டத்தின் முன் சம்மதமே அன்று. உல்லாசம் என்ற சொல்லோ, இருவர் சேர்ந்து மகிழ்ந்திருந்ததைக் குறிப்பது. அந்த ஒரே சொல்லில் சிறுமி பாதிக்கப்பட்டவர் என்ற நிலையிலிருந்து பங்காளி என்ற நிலைக்குத் தள்ளப்பட்டுவிடுகிறாள். எழுதியவருக்கு அந்த எண்ணம் இருந்திருக்காது. காவல் நிலையத்திலிருந்து வந்த குறிப்பில் அந்தத் தொடர் இருந்திருக்கும், அவர் அதனைப் படியெடுத்திருப்பார், நான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்திருப்பேன்.

இத்துறையில் இருப்பவர்களும் வாசிப்பவர்களும் இது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன். மென்மையான சொல் வேண்டாம் என்பது என் கட்சி அன்று. அந்த மென்மை யாருக்காக என்பதே என் கேள்வி.

மாவட்ட நிருபர்

ஐயா, நான் தற்போதும் களத்தில் இருப்பவன். தங்கள் கேள்வியை மதிக்கிறேன். ஆனால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மாலை ஐந்து மணிக்குமேல் வாட்ஸ்அப்பில் காவல்துறையின் குறிப்புகள் வரிசையாக வரும். எட்டு மணிக்குள் ஏழெட்டுச் செய்திகள் டெஸ்க்குக்குப் போயாக வேண்டும். முதல் தகவல் அறிக்கையில் இல்லாத ஒரு சொல்லை நான் சேர்த்தால், மறுநாள் வழக்குரைஞர் அறிவிக்கை எனக்கு வரும், எனக்குத் தகவல் தருகிற காவலருக்கு அன்று. உடற்கூறாய்வு அறிக்கை வருவதற்கு முன்பு 'கொலை' என்று எழுதிவிட்டு, பிறகு அது தற்கொலை என்று முடிந்தால், அவதூறு வழக்கில் நிற்பது நான்தான். அதனால்தான் 'சந்தேக மரணம்' என்றும், 'எனக் கூறப்படுகிறது' என்றும், 'தெரிகிறது' என்றும் எழுதுகிறோம். இவை கோழைத்தனம் அல்ல. குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்ற கொள்கையை எளிய செய்தியாளன் கடைப்பிடிக்கும் வழி இது ஒன்றுதான்.

மற்றொன்று. தென்மாவட்டங்களில் 1990களில் நடந்தவற்றைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். எந்தச் சாதியினர் எந்தச் சாதியினரைத் தாக்கினர் என்று காலைப் பதிப்பில் வந்தால், மாலைக்குள் இன்னோர் ஊரில் பழிக்குப்பழி நடக்கும். தலைவர்களின் பெயர் சூட்டப்பட்டிருந்த மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் 1997இல் அரசே அந்தப் பெயர்களை நீக்கியது. ஒரு பேருந்தின் மேல் எழுதியிருந்த பெயரே தீ மூட்டப் போதுமாயிருந்த காலத்தில், 'இரு தரப்பினரிடையே மோதல்' என்று எழுதியது உயிர்களைக் காத்தது என்றே இன்றும் நம்புகிறேன்.

மதுரை வழக்குரைஞர்

நிருபர் நண்பர் சொல்வதில் பாதி முற்றிலும் சரி. மறுபாதியில்தான் எனக்கு வேறுபாடு. எச்சரிக்கையும் மென்மையும் ஒன்றல்ல. செய்தவர் யார் என்பது நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய செய்தி. அங்கே 'குற்றஞ்சாட்டப்பட்டவர்' என்றும் 'கூறப்படுகிறது' என்றும் எழுதுவது கடமை. என்ன நடந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டிருக்கிறது என்பது முதல் தகவல் அறிக்கையின் சட்டப்பிரிவிலேயே இருக்கிறது. 'பாலியல் தாக்குதல் நடத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்' என்று எழுதினால் எந்த அவதூறும் இல்லை. நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. ஏழை ஒருவர் கைதானால் பெயர், ஊர், தெரு, படம் அனைத்தும் எந்த ஐயமுமின்றி அச்சாகின்றன. செயல் மட்டும் 'சில்மிஷம்' ஆகிறது.

காவல்துறையின் குறிப்பை அப்படியே நம்புவதால் என்ன ஆகும் என்பதற்குச் சாத்தான்குளத்தைவிட வேறு சான்று வேண்டாம். 2020 ஜூன் மாதம், ஊரடங்கு நேரத்துக்குப் பிறகும் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் சில நாள்களுக்குள் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். அந்த முதல் தகவல் அறிக்கையில், அவர்கள் தரையில் உருண்டு புரண்டதால் ஊமைக்காயம் ஏற்பட்டது என்ற பொருள்பட எழுதியிருந்தது. தொடக்கத்தில் வந்த அரசின் விளக்கமும் மூச்சுத்திணறல், உடல்நலக்குறைவு என்ற சொற்களிலேயே இருந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்து, நீதித்துறை நடுவர் நேரில் விசாரித்து, ஒரு பெண் காவலர் துணிந்து சாட்சி சொன்ன பிறகே 'ஊமைக்காயம்' என்ற சொல்லுக்குள் இருந்தது வெளியே வந்தது. கொலை வழக்குப் பதிவாகி, காவலர்கள் கைதாகி, மத்தியப் புலனாய்வுத் துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. இடைப்பட்ட நாள்களில் ஊமைக்காயத்தையும் மூச்சுத்திணறலையும் மேற்கோள்குறிகூட இல்லாமல் அச்சிட்டவர்கள் அவற்றைத் தங்கள் சொல்லாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

'தப்பியோட முயன்றபோது வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது' என்ற தொடரும் அப்படித்தான். மாவுக்கட்டுப் போட்ட கையோடு படமும் வரும், வாசகர்கள் அதனை ரசிக்கவும் செய்கிறார்கள். அது ஒரு குற்றமாக இருக்கலாம் என்ற எண்ணமே எழாதபடி அந்தத் தொடர் பழகிவிட்டது. 'என்கவுன்டர்' என்ற சொல்லைப் பாருங்கள். அதன் நேர்ப்பொருள் எதிர்ப்படுதல் என்பதே. காவல்துறையின் துப்பாக்கியால் ஒருவர் இறந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வேண்டும், சுதந்திரமான விசாரணை நடக்க வேண்டும் என்று 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பதினாறு வழிகாட்டுதல்களை வகுத்தது. அவை பின்பற்றப்பட்டனவா என்று கேட்கும் ஒரு வரியாவது செய்தியின் இறுதியில் இருந்தால், அந்தச் சொல்லை நான் பொறுத்துக்கொள்வேன்.

'இரு தரப்பினர்' பற்றியும் ஒன்று. பழிக்குப்பழியைத் தவிர்க்கச் சாதிப் பெயரை விடுவது வேறு, ஒரு தரப்பு கொன்றது, மறு தரப்பு செத்தது என்பதையே விடுவது வேறு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதனை விவசாயிகளுக்கு இடையிலான மோதலாகக் காட்டிய செய்திகள் அந்நாளில் வந்தன என்பதை வெண்மணி பற்றி எழுதியவர்கள் திரும்பத்திரும்பச் சுட்டியிருக்கிறார்கள். மோதல் என்ற சொல்லுக்கு இரண்டு கைகள் வேண்டும். குடிசைக்குள் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

இலக்கண ஆசிரியை

முப்பது ஆண்டுகளாகப் பள்ளியில் தமிழ் கற்பிப்பவள் என்ற முறையில், இந்த விவாதத்துக்கு இலக்கணத்தின் வழியாக ஒரு கருத்தைச் சேர்க்க விரும்புகிறேன். மென்மையாகச் சொல்வது தமிழுக்குப் புதிதன்று. தகுதி வழக்கை நன்னூல் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாக வகுத்திருக்கிறது. கால் கழுவி வந்தான் என்பது கேட்பவருடைய கூச்சத்துக்காக. இறந்தாரைத் துஞ்சினார் என்பது துயரப்படுபவருக்காக. குழூஉக்குறியோ ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் புரிந்துகொள்ளும் பொருட்டு வைத்துக்கொள்வது. முதல் இரண்டும் பிறருக்கான அன்பு, மூன்றாவது தமக்கான வசதி. 'சில்மிஷம்', 'வழுக்கி விழுந்தார்' போன்றவை இடக்கரடக்கல் போலத் தோற்றம் தருகின்றன. உண்மையில் அவை காவல் நிலையத்துக்கும் செய்தி அறைக்கும் இடையே வழங்கும் குழூஉக்குறிகள் என்பதே என் எண்ணம். அந்த வட்டத்துக்குள் இருப்பவர்கள் அனைவருக்கும் உண்மைப் பொருள் தெரியும். வெளியே நிற்கும் வாசகருக்கு மட்டும் தெரியாது.

ஆனால் சொற்களைவிட வினைகளே என்னை அதிகம் வருத்துகின்றன. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் நடந்ததற்கு வந்த தலைப்புகளை நினைத்துப் பாருங்கள். 'துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி' என்பதில் சுட்டவர் எங்கே? தமிழில் தோன்றா எழுவாய் உண்டு. 'வந்தேன்' என்றால் நான் என்பது வினைமுற்றின் விகுதியிலிருந்தே தெரியும். 'பலி' என்ற பெயர்ச்சொல்லால் ஒரு வாக்கியத்தை முடித்தால், விகுதியே இல்லை, எழுவாயைத் தேடிப் பிடிக்க வழியும் இல்லை. 'போலீசார் சுட்டதில் 13 பேர் இறந்தனர்' என்பது அதைவிடச் சில எழுத்துகளே நீளம். அதில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. சுட்டது சரியா தவறா என்ற தீர்ப்பும் இல்லை. நடந்ததைச் சொல்லும் ஒரு முழு வாக்கியம், அவ்வளவே.

விகுதி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. என் இளமையில் நாளிதழ்களில் பிக்பாக்கெட் அடித்தவன் 'ஓடினான்', 'பிடிபட்டான்'. வங்கிப் பணத்தை எடுத்த மேலாளரோ 'கையாடல் செய்தார்'. இன்று பெரும்பாலும் எல்லோருக்கும் 'ஆர்' விகுதி வந்துவிட்டது, அது நல்லதே. ஆனால் பெயர்ச்சொற்களில் அந்த வேறுபாடு அப்படியே இருக்கிறது. கோழியைத் திருடினால் திருட்டு. கூட்டுறவுச் சங்கத்தின் நகைகளைத் திருடினால் முறைகேடு. முறை ஒன்று இருந்து அதில் சிறிது பிசகியதைப் போல அந்தச் சொல் ஒலிக்கிறது. திருடியவரும் ஒருவர் 'ஆசாமி', மற்றவர் 'பிரமுகர்'.

வன்னியிலிருந்து ஒருவர்

நான் இலங்கையின் வட மாகாணத்தைச் சேர்ந்தவர். ஆசிரியை அவர்கள் வினையைப் பற்றி எழுதியதை வாசித்தபோது, எங்கள் தாய்மார் ஒரு வினைச்சொல்லுக்காக நடத்திய நீண்ட போராட்டத்தை இங்கே பதிய வேண்டும் என்று தோன்றியது. பத்திரிகைகளும் அரச ஆவணங்களும் 'காணாமல் போனோர்' என்றே எழுதி வந்தன. 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட அலுவலகத்தின் பெயரும் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்தான். காணாமல் போவது தானாக நிகழ்வது. திருவிழாவில் குழந்தை காணாமல் போகும், பேருந்தில் குடை காணாமல் போகும். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி ஆலய முன்றலில் அமர்ந்த தாய்மார், தங்கள் பிள்ளைகள் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்கள்' என்றார்கள். அவர்களில் பலர், 2009 மே மாதத்தில் இராணுவத்திடம் தங்கள் கைகளாலேயே பிள்ளைகளைக் கையளித்ததாகச் சொல்பவர்கள். கையளித்தவருக்கு அது யாருடைய கை என்று தெரியும். அவரிடம் போய் 'உங்கள் மகன் காணாமல் போய்விட்டாரா, அம்மா?' என்று எவ்வாறு கேட்பது?

இன்று எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளில் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்பது வழக்கமாகிவிட்டது. பலவந்தமாகக் காணாமல் ஆக்குவதை 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் குற்றமாக்கியது. சொல் மாறியதால் ஒரு பிள்ளையும் திரும்பி வரவில்லை என்பதை நான் அறிவேன். ஆனால் 'போனோர்' என்று எழுதினால் யாரும் 'யார் செய்தது' என்று கேட்பதில்லை. 'ஆக்கப்பட்டோர்' என்று எழுதினால் அந்தக் கேள்வி வாக்கியத்துக்குள்ளேயே வந்து நிற்கிறது.

தீக்காயப் பிரிவு

நான் ஓய்வுபெற்ற செவிலியர். ஓர் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் 1980களின் இறுதியிலிருந்து பல ஆண்டுகள் இருந்தேன். அக்காலத்தில் 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்ற செய்தி வாரம் தவறாமல் வரும். வெடித்த ஸ்டவ் எப்போதும் மருமகளின் சேலையிலேயே பற்றும், மாமியாரின் சேலையில் பற்றியதை நான் ஒரு முறைகூடக் கண்டதில்லை. எங்கள் பிரிவுக்கு வந்த பெண்களில் சிலர், நீதித்துறை நடுவர் மரண வாக்குமூலம் வாங்க வரும்போது கதவருகே நிற்கும் கணவனைப் பார்த்துவிட்டு, ஸ்டவ்தான் வெடித்தது என்று சொல்வார்கள். வீட்டில் இருக்கும் கைக்குழந்தையை நினைத்து அப்படிச் சொன்னார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அவர்கள் அப்படிச் சொன்னதற்கு ஒரு நியாயம் இருந்தது. செய்தித்தாளுக்கு என்ன நியாயம் இருந்தது?

1986இல் அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வரதட்சணை மரணத்துக்கென்று 304பி என்ற தனிப் பிரிவு வந்தது. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை நடக்கும் என்பதும் நடைமுறையானது. அதன்பின் 'திருமணமாகி மூன்று ஆண்டுகளே ஆவதால் கோட்டாட்சியர் விசாரணை நடைபெறுகிறது' என்ற வரி செய்திகளின் கடைசியில் வரத் தொடங்கியது. அந்த ஒரு வரியைப் படித்தாலே ஊரில் எல்லோருக்கும் புரியும். குற்றஞ்சாட்டாமலே உண்மையைச் சொல்ல முடியும் என்பதற்கு அந்த வரியையே சான்றாகக் காட்டுவேன்.

அதே நேரம், மென்மை கூடாது என்று இங்கே யாரும் முடிவு செய்துவிடக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்கிறேன். பாதிக்கப்பட்ட பெண்ணின் தெருப் பெயர், தந்தையின் தொழில், படிக்கும் கல்லூரி என்று துண்டுதுண்டாக எழுதினால், பெயர் எழுதாமலே பெயர் எழுதியதாகிவிடும். 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில், விசாரணையை மாற்றும் அரசாணையிலேயே பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளிப்பட்டது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அடையாளத்தை மறைக்க வேண்டிய இடத்தில் வெளிப்படுத்தினார்கள். குற்றத்தின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்திலோ 'பொள்ளாச்சி விவகாரம்' என்றே ஆறு ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2025 மே மாதத்தில் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்த பிறகும், சில இடங்களில் 'விவகாரம்' போகவில்லை.

பழைய மெய்ப்பாளர்

செவிலியர் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. ஸ்டவ் வெடித்த செய்திகளில் எத்தனையோ என் மேசையைக் கடந்து சென்றவை.

சொற்கள் மாறாது என்று சிலர் தனிச்செய்தியில் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். மாறும் என்பதற்கு என் பணிக்காலமே சான்று. நான் வேலைக்குச் சேர்ந்தபோது 'கற்பழிப்பு' என்பது நாள்தோறும் அச்சான சொல். குற்றம் செய்தவன் ஒருவன் இருக்க, இழப்பும் களங்கமும் பெண்ணுடையதாக ஆக்கிய சொல் அது. பெண்ணியலாளர்கள் பல்லாண்டுகள் வற்புறுத்திய பிறகு பாலியல் வன்கொடுமை, வல்லுறவு என்பவை அதன் இடத்துக்கு வந்தன. 'கவுரவக் கொலை' என்பதும் அவ்வாறே. இக்கொலைகளில் கவுரவம் ஏதுமில்லை என்று 2006இல் உச்ச நீதிமன்றம் லதா சிங் வழக்கில் சொன்னது. தமிழில் 'ஆணவக் கொலை' என்ற சொல்லைக் களச் செயற்பாட்டாளர்கள் நிலைநிறுத்தினார்கள். 'ஈவ் டீசிங்' என்ற பெயரோடு 1998இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டமே பிறகு பெண்களுக்கு எதிரான துன்புறுத்தலைத் தடைசெய்யும் சட்டம் என்று பெயர் மாற்றப்பட்டது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்காக வெளியிட்ட கையேடும், இத்தகைய பழைய சொற்களை விட்டுவிட்டு நேரான சொற்களைப் பயன்படுத்தச் சொல்கிறது. நீதிபதிகளே தங்கள் சொல்லகராதியைத் திருத்திக்கொள்ளும்போது செய்தி அறை ஏன் தயங்க வேண்டும்?

ஆயினும் நல்ல சொல்லும் நாளடைவில் திரையாகிவிடுகிறது என்பதையும் பார்க்கிறேன். 'பாலியல் தொல்லை' என்பது இன்று ஆபாசக் குறுஞ்செய்தியையும் குறிக்கிறது, குழந்தையைச் சிதைத்த கொடுமையையும் குறிக்கிறது. தொல்லை என்பது கொசு கொடுப்பது. ஆணவக் கொலையிலும் முன்னால் இருந்த 'சாதி' என்ற சொல்லைத் தலைப்பில் விட்டுவிடுகிறார்கள். யாருடைய ஆணவம், எதன் ஆணவம் என்பது அத்தோடு போய்விடுகிறது. 2015 ஜூனில் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் ஓர் இளம் பொறியாளரின் உடல் கிடந்தபோது முதலில் எழுந்த சொல் தற்கொலை. அது கொலை என்று 2022இல் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

நிருபர் நண்பரிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய தொழிலாளர்கள் இறக்கும்போது 'விஷவாயு தாக்கி பலி' என்று எழுதுகிறோமே, தாக்கியது வாயுவா? பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைச் சாக்கடைக்குள்ளும் கழிவுத் தொட்டிக்குள்ளும் இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டின் சட்டம் குற்றம் என்கிறது. முதல் முறைக்கே ஈராண்டுச் சிறை வரை போகும். இறந்தவரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதனை முப்பது லட்சமாக உயர்த்தியது. இத்தனைக்குப் பிறகும் அந்தச் செய்தி குற்றச் செய்தியாக எழுதப்படுவதில்லை, விபத்துச் செய்தியாகவே வருகிறது.

மாவட்ட நிருபர்

ஐயா, தங்கள் கேள்விக்கு உடனே விடை எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். வழக்குரைஞர் வகுத்துக் காட்டிய வேறுபாட்டை, அதாவது செய்தவர் யார் என்பதில் எச்சரிக்கை, செய்த செயல் என்ன என்பதில் நேர்மை என்பதை, நான் ஏற்றுக்கொள்கிறேன். என் முதல் பதிவில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். 'இரு தரப்பினர்' பற்றி மட்டும் என் கருத்து மாறவில்லை. அதைச் சம்பவம் நடந்த இரவில் எழுதலாம், ஒரு மாதம் கழித்து எழுதக் கூடாது என்பதுவரை மட்டும் வருகிறேன்.

நேற்று முன்தினம் எங்கள் பகுதியில் ஒரு வணிக வளாகத்தின் கழிவுத் தொட்டியில் இறங்கிய இருவர் இறந்தார்கள். காவல்துறைக் குறிப்பில் வழக்கம்போல் 'விஷவாயு தாக்கியதில்' என்றிருந்தது. நான் ஆய்வாளரைத் தொலைபேசியில் அழைத்து, எந்தப் பிரிவுகளில் வழக்கு என்று கேட்டேன். கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்றார். 2013ஆம் ஆண்டுச் சட்டம் சேர்க்கப்பட்டுள்ளதா என்று கேட்டதற்கு, பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். பிறகு இறந்தவர்களில் ஒருவருடைய அண்ணனிடம் பேசினேன். முகக்கவசம்கூடத் தராமல் இறக்கினார்கள் என்று அவர் குற்றஞ்சாட்டியதை அப்படியே எழுதி, 'பாதுகாப்புக் கருவிகள் இன்றி இறக்கப்பட்ட இரு தொழிலாளர்கள் மரணம். இறக்கியவர் மீது வழக்கு' என்று தலைப்பிட்டு, சட்டம் பற்றிய இரண்டு வாக்கியங்களையும் சேர்த்து அனுப்பினேன்.

இன்று காலை நாளிதழைப் பார்த்தேன். தலைப்பு 'விஷவாயு தாக்கி இருவர் பலி' என்று மாற்றப்பட்டிருந்தது. உள்ளே முதல் பத்தியில் 'பாதுகாப்புக் கருவிகள் இன்றி இறக்கப்பட்ட' என்பது அப்படியே இருந்தது. சட்டம் பற்றிய இரண்டு வாக்கியங்களில் ஒன்று வெட்டப்பட்டு, மற்றொன்று தங்கியிருந்தது. பத்து மணிக்கு ஆய்வாளரே என்னை அழைத்து, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தையும் வழக்கில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். செய்தியைப் பார்த்துத்தான் சேர்த்தாரா, முன்பே சேர்த்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. நாளைய பதிப்புக்கு அதனைத் தனிச் செய்தியாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பழைய மெய்ப்பாளர்

தம்பி, எழுதி முடித்ததும் டெஸ்க்கில் இரவுப் பணியில் இருக்கும் துணை ஆசிரியரை ஒரு முறை அழைத்துப் பேசுங்கள். மாலை நேரத்தில் அந்த நாற்காலியில் இருப்பவருக்கு யாரும் காரணம் சொல்வதில்லை. சொன்னால் கேட்பார்கள். நான் அங்கே இருந்த இருபத்தெட்டு ஆண்டுகளில் ஒரு நிருபரும் ஒரு சொல்லுக்காக என்னை அழைத்ததில்லை.